மேருவில் டென்மார்க்கு ராஜா

கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நாகையாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர்கள் ராஜாண்ணே என்பார்கள், பெரியவர்கள் ராஜா என்பார்கள். பகலில் அவர் இஞ்சின் கொட்டகையில் வேலை செய்தார். ஓடி வந்து நின்ற இஞ்சின் ஆறியதும் அதன் அடுப்புக்குள் தவழ்ந்து போய்ச் சாம்பலையும் கட்டிக் கரியையும் சுரண்டி எடுப்பது அவர் வேலை. அங்கே இருந்த மேஸ்திரிக்கு அவர் ‘ஏய்’ மட்டும்தான்.

ராஜா என்ற பெயர் நாடகத்தால் வந்தது. மதுரையிலிருந்து புறப்பட்ட ஒரு நாடகக் கம்பெனியோடு 1903இல் பினாங்குக்குக் கப்பலில் வந்தவர். கம்பெனி கோலாலம்பூர் வந்து சேர்ந்தபோது முதலாளிக்கும் நடிகர்களுக்கும் பேச்சு முறிந்தது. முதலாளி திரைச்சீலைகளை விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். நாகையா போகவில்லை. ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, கூடவே வேலை செய்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு நாடக சபையை ஏற்படுத்தினார். அன்று முதல் அந்தச் சபைக்கு அவர்தான் ராஜபார்ட்.

அந்த நாடகங்களுக்கு முழு வசனம் எழுதி வைப்பது கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டுகள் பாடம். மற்றதை மேடையில் நின்றபடியே பேசிக்கொள்ள வேண்டும். அதிலும் ராஜாவுக்கும் எதிரே நிற்பவருக்கும் நடக்கும் தர்க்கம்தான் ஜனங்கள் காத்திருந்து கேட்பது. ஒருவர் கேள்வி போடுவார், மற்றவர் அதை மடக்கி வேறொன்று போடுவார், யாராவது ஒருவர் பதில் இல்லாமல் நிற்கும்வரை அது போகும். பிரிக்ஃபீல்ட்ஸ் சபையில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. தர்க்கத்தில் தோற்ற ராஜபார்ட் மறுபடி ஒரு தர்க்கத்தில் ஜெயிக்கும்வரை கிரீடம் வைக்கக் கூடாது, ஜெயித்தவன்தான் அடுத்த நாடகத்துக்கு ராஜா. வழக்கத்தை வைத்தவர் நாகையாவே. வைத்த காலத்தில் அவருக்கு முப்பது வயதுகூட இல்லை.

1923இல் அவருக்கு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் விழுங்கிய கரித்தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் நாலுக்கு இறங்கி, அதிலும் மேல்ஸ்தாயி வரும் இடத்தில் ஆர்மோனியக்காரரைப் பார்ப்பார். ஆர்மோனியக்காரர் அந்த இடத்தைக் கொஞ்சம் பலமாக வாசித்து மூடிவிடுவார். நாடகம் முடிந்த மறுநாள் இருமலில் படுக்கை அதிரும். மனைவி நல்லம்மாள் ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தபடி, போதுமே, விட்டுவிடலாமே என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அவரும் விடத்தான் வேண்டும் என்பார்.

ஆனால் விடுவதற்கு வழி இல்லை. தோற்றால்தான் இறங்கலாம். வேண்டுமென்றே தோற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதிரே நிற்பவனுக்கு அது தெரிந்துவிடும். எதிரே நிற்பவன் பெரும்பாலும் வேலாயுதம். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை, முப்பது வயது, நல்ல குரல், நாகையாவிடம் பலமுறை தோற்றவன். ஒவ்வொரு முறையும் தோற்ற மறுநாள் வீட்டுக்கு வந்து, எந்த இடத்தில் தவறினேன் என்று கேட்டுவிட்டுப் போவான். மேலும், கிரீடம் போய்விட்டால் தனக்கு மிச்சம் இருப்பது மேஸ்திரியின் ‘ஏய்’ மட்டும்தான் என்று நாகையாவுக்குத் தெரியும். களைப்பும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவரை மேடையிலேயே நிறுத்தி வைத்திருந்தன.

அந்த வருஷம் கிள்ளானுக்கு அப்பால் மேருப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அந்தத் தோட்டத்து மானேஜர் லார்சன் துரை இங்கிலீஷ்காரர் அல்ல, டென்மார்க்குக்காரர். அவருடைய தேசத்தில் 1848ஆம் வருஷம் பெரிய மாற்றம் ஒன்று நடந்ததாம். அதற்கு எழுபத்தைந்து வருஷம் ஆகிறது, அதைத் தன் ஜனங்கள் தமிழில் நாடகமாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் துரையின் பங்களாவில் பல சாயங்காலங்கள் உட்கார்ந்து கதை கேட்டு, நாடகத்தைத் தானே எழுதிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தார். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் படிக்கவே தொடங்கினார்.

1848ஆம் வருஷக் கதை இது. ஜனவரியில் கிழ ராஜா இறந்துபோகிறார். அவர் மகன் ஏழாம் பிரடரிக் பட்டத்துக்கு வருகிறார். அதுவரை அந்தத் தேசத்தில் ராஜா வைத்ததுதான் சட்டம். மார்ச்சு மாதம் தலைநகரத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடி அரண்மனைக்கு நடக்கிறார்கள், ஆட்சியில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்கிறார்கள். தெற்கே இரண்டு சீமைகளுக்காகச் சண்டை மூளுகிறது, ஜெர்மானியப் படை உள்ளே வருகிறது, ஆவணி வாக்கில் சண்டை ஓய்கிறது. செப்டம்பரில், நாலு வருஷம் முன்பு இறந்துபோன ஒரு சிற்பிக்காகக் கட்டிய மாளிகையைத் திறக்கிறார்கள். அவர் செதுக்கிய சிலைகளெல்லாம் அதற்குள், நடு முற்றத்தில் அவர் சமாதி. அக்டோபரில், புதுச் சட்டம் எழுதுவதற்காக ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் சபையாகக் கூடுகிறார்கள்.

சபைக்காரர்களுக்கு டென்மார்க்கைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் தெரியும். தரங்கம்பாடியை வைத்திருந்து, பிறகு இங்கிலீஷ்காரனுக்கு விற்றவர்கள். விற்றது இந்தக் கிழ ராஜா காலத்தில்தான் என்று கிராணி சொன்னதும் கதைக்குக் கொஞ்சம் உறவு வந்தது. எங்க ஊரை வித்தவன் மகனா, அவனுக்கு வேணும் என்றார் மிருதங்கக்காரர். அவர் தரங்கம்பாடிக்காரர்.

அடுத்த சிக்கல் சபாபதியால் வந்தது. சபாபதி சபையின் ஸ்திரீபார்ட். எந்தக் கதையானாலும் ராணி அவர்தான். இந்த ராஜாவுக்கு ராணி யார் என்று கேட்டார். இரண்டு கல்யாணம் ஆகி இரண்டும் முறிந்துவிட்டது, அந்த வருஷம் ராணி கிடையாது என்றார் கிராணி. அப்போ நான் எதுக்கு மீசையை வழிக்கணும் என்று சபாபதி எழுந்துவிட்டார். தொப்பி தைக்கும் பெண் ஒருத்தியோடு ராஜாவுக்குச் சிநேகம் உண்டு, ஆனால் துரை அதைப் போட வேண்டாம் என்கிறார் என்று கிராணி தயங்கித் தயங்கிச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் சிற்பி மாளிகைக் காட்சியில் சபாபதி உடம்பெல்லாம் வெள்ளை பூசிச் சிலையாக நிற்பது என்று முடிவாயிற்று. பேச்சில்லாத வேஷம் கட்டுவது தனக்கு இதுவே முதல்தடவை என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச்சு மாதக் காட்சியைப் படித்தபோதுதான் நாகையா வாய் திறந்தார். ஜனங்கள் அரண்மனைக்கு வருகிறார்கள், தலைவன் மனுவைப் படிக்கிறான், ராஜா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

“பழைய மந்திரிகளை நான் முன்னாலேயே அனுப்பிவிட்டேன், நீங்கள் கேட்டது நடந்தாகிவிட்டது என்கிறார். ஜனங்கள் வீட்டுக்குப் போகிறார்கள்” என்றார் கிராணி.

“தர்க்கம்?”

“தர்க்கம் கிடையாது. கேட்டார்கள், கொடுத்தார்.”

ராஜபார்ட் ஒருவர் மேடையில் நின்று, எதிரே வந்தவன் கேட்டதைச் சும்மா கொடுத்துவிட்டுத் திரும்புவதை அவர்கள் பார்த்ததில்லை. அது தோல்விக் கணக்கா இல்லையா என்று பேச்சு எழுந்தது. தர்க்கம் நடந்தால்தானே தோல்வி என்றார் ஆர்மோனியக்காரர். அப்படியானால் தர்க்கத்தையே தொடக்கூடாது, வேலாயுதம் மனுவைப் படித்துவிட்டு வாய் மூடி நிற்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தனக்கு அதில் ஆட்சேபணை இல்லை என்றான் வேலாயுதம். நாகையாவும் தலையை ஆட்டினார். அன்று வீட்டுக்குப் போனபின், கொடுத்துவிட்டு எந்தப் பக்கமாக உள்ளே போவது என்று நல்லம்மாளிடம் கேட்டார். எப்பவும் போற பக்கமாப் போங்க என்றாள் அவள்.

ஜூன் முதல் ஞாயிறு. கிள்ளான்வரை ரயிலில் போய், அங்கிருந்து தோட்டத்து லோரியில் மேருப் பக்கம் போனார்கள். நல்லம்மாளும் ஓமத் தண்ணீரும் கூடவே. தோட்டத்து ஜனங்கள் மறுநாள் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டியவர்கள் என்பதால் நாடகத்தைப் பகலிலேயே நடத்தச் சொல்லியிருந்தார் துரை. பால் நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். பகல் வெயிலில் அரிதாரம் போட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. விளக்கு வெளிச்சத்தில் பொன்னாகத் தெரியும் கிரீடம் அங்கே தகரமும் அட்டையுமாகவே தெரிந்தது. நாகையாவின் முகத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கி, அரிதாரம் கரைந்த இடத்தில் கரி படிந்த கழுத்து தெரிந்தது.

துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கிராணி. தரையில் தோட்டத்து ஜனங்கள், ஆணும் பெண்ணும், பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு. கிழ ராஜா சாகும் காட்சி நன்றாகவே போயிற்று, சில பெண்கள் அழுதார்கள். நாகையா பட்டம் ஏறிப் பாடினார். மேல்ஸ்தாயியை ஆர்மோனியம் மூடியது.

பிறகு மார்ச்சு மாதம். வேலாயுதம் ஜனங்களின் தலைவனாக வந்தான். அவன் பின்னால் நிற்பதற்குத் தோட்டத்து ஆட்களிலேயே பத்துப் பதினைந்து பேரை நிறுத்தியிருந்தார்கள். மனுவைப் படித்து முடித்தான். படித்தவுடன் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தர்க்கம் வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எத்தனையோ நாடகம் பார்த்தவர்கள். வராமல் போகவே பின்வரிசையிலிருந்து ஒருவன், கேளுப்பா, விடாதே என்றான். இன்னொருவன், என்ன, பாயிலே படுக்கவா வந்தே என்றான். வேலாயுதம் நாகையாவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். வாய் தன்னால் திறந்தது.

“ராஜாவே, இந்த ஊரிலே எத்தனை வாய் இருக்கு? உமக்கு எத்தனை வாய்?”

கிராணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நாகையா இந்த இடத்தில் கொடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தார் என்று பிற்பாடு சொன்னார். ஆனால் கேள்வி வந்தால் பதில் போடுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகியிருந்தது.

“ஒரு வாய்தான். அதனாலேதான் நான் பேசினா காதிலே விழுது. நீங்க அத்தனை பேரும் பேசினா அதுக்குப் பேரு பாசார்.”

கூட்டம் சிரித்தது.

“பாசார்லேதான் ராஜா அரிசி கிடைக்குது. அரண்மனையிலே என்ன விளையுது?”

“ஒண்ணும் விளையலே. வெளியிலே விளைஞ்ச வம்பெல்லாம்தான் அங்கே வந்து சேருது. உனக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வேலிச் சண்டைன்னா எவன்கிட்டே வர்றே?”

“இனிமே வரமாட்டோம். எங்களுக்குள்ளேயே ஒருத்தனை வெச்சுத் தீர்த்துக்குவோம்.”

“யாரு அந்த ஒருத்தன்? நீயா?”

“நான்தான்.”

“சரி. உன் பின்னாலே நிக்கிறானே, அவனைக் கேட்டுச் சொல்லு.”

வேலாயுதம் திரும்பினான். அவன் பின்னால் நின்றவன் மேருத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், மேடைக்கு அன்றுதான் ஏறியவன். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான்.

“எனக்கு இவரைத் தெரியவே தெரியாதுங்க ராஜா. பிரிக்ஃபீல்ட்ஸ்காரருங்க. காலையிலேதான் லோரியிலே வந்தாரு.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வேலாயுதத்துக்குப் பதில் இல்லை. வழக்கப்படி ராஜாவுக்குக் கைகூப்பி, முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து உள்ளே போனான். ஆர்மோனியக்காரரும் பழக்க தோஷத்தில் ஜெயப் பாட்டை எடுத்துவிட்டார். திரை விழுந்தது.

திரைக்குப் பின்னால் கிராணி ஓடி வந்தார். துரை தன்னிடம், ஜனங்கள் ஏன் திரும்பிப் போனார்கள் என்று கேட்டாராம். கோபிக்கவில்லை, சிரித்தபடிதான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை என்றார் கிராணி.

“என்னய்யா செஞ்சு வெச்சிருக்கீர்? இனி அக்டோபர்லே எந்தச் சபையைக் கூட்டறது? ராஜா ஜெயிச்சாச்சே. மீதி வருஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?”

நாகையா கவிழ்த்து வைத்த பால் வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். இருமல் விடவில்லை. இன்னொரு தடவை மனு கொடுக்க வேலாயுதத்தை அனுப்பலாம் என்று யாரோ சொன்னார்கள். தோற்றவன் அதே காட்சிக்கு மறுபடி ஏற மாட்டேன், ராஜா கூப்பிட்டால்தான் வருவேன் என்றான் வேலாயுதம். அவன் சொன்னது முறைதான். ராஜாவாகப் போய்க் கூப்பிட வேண்டும். ஜெயித்தபின் கூப்பிட்டுக் கொடுப்பது என்றால் அது தோல்விக் கணக்குதான், கிரீடம் போய்விடும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். வெள்ளை பூசிய சபாபதி ஒரு ஓரத்திலிருந்து, காய்ந்து வெடிக்குது, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க என்றார்.

நல்லம்மாள் ஓமத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, நான் இறங்கிட்டா உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார்.

“எனக்கு என்னங்க. நாளைக்கு நீங்க இஞ்சின் கொட்டகைக்குப் போகணும். அதுக்கு நெஞ்சு இருக்கணும்.”

அவர் கிராணியைப் பார்த்தார். “உண்மையாவே அந்த ராஜா ஏன் குடுத்தாரு? பயந்தாரா?”

கிராணி யோசித்தார். பயமும் இருந்திருக்கலாம் என்றார். பிறகு, துரை சொன்ன ஒன்றைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். ராஜாவின் மரியாதைக்கு அது பொருந்தாது என்று விட்டாராம். அதிகாரத்தைக் கொடுத்து முடித்ததும் அந்த ராஜா, இனிமேல் காலையில் எனக்கு இஷ்டப்பட்ட நேரம்வரை தூங்கலாம் என்றாராம். அப்படி ஒரு பேச்சு அவர்கள் தேசத்தில் உண்டாம்.

“அப்படியா சொன்னாரு?”

“சொன்னதாத்தான் சொல்றாங்க.”

நாகையா எழுந்து திரையை விலக்கச் சொன்னார். சிம்மாசனத்தில் உட்காரவில்லை. அதன் கீழே, மேடைப் பலகையில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். ராஜபார்ட் தரையில் உட்கார்ந்து அந்தக் கூட்டம் பார்த்ததில்லை. அவர் பாடவில்லை. மேடைக் குரலிலும் பேசவில்லை.

“பேச்சிலே நான் ஜெயிச்சேன். எப்பவும் ஜெயிச்சுக்கிட்டேதான் இருக்கேன். ஜெயிச்சதிலே என்ன கிடைச்சுதுன்னா, நாளைக்கும் நான்தான் பதில் சொல்லணும். நாளன்னைக்கும் நான்தான். இத்தனை பேர் இருக்கிற ஊர்லே ஒரு ஆளே எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டிருந்தா அவன் எப்பத் தூங்கறது? தலைவரே, வாங்க. நீங்க கேட்டதை எடுத்துக்குங்க.”

வேலாயுதம் வந்தான். மேடையில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். நாகையா கிரீடத்தைக் கழற்றித் தனக்கும் அவனுக்கும் நடுவில் பலகைமேல் வைத்தார். கழற்றும்போது நெற்றியில் ஒட்டியிருந்த ஜிகினாவும் கூட வந்தது.

யாரும் கைதட்டவில்லை. தோத்துட்டாரே என்று ஒரு கிழவர் சலித்துக்கொண்டது முன்வரிசைவரை கேட்டது. முன்பு தெரியாது என்று சொன்ன பால் வெட்டுகிறவன் மட்டும், அப்ப சரிங்க ராஜா, நானும் ஒத்துக்கிறேன் என்றான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. துரை என்ன நினைத்தார் என்று சொல்ல முடியாது. தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தார்.

மீதி வருஷம் முறையாக நடந்தது. சண்டை வந்து போயிற்று. சபாபதி சிலையாக நின்றார். ஒரு குழந்தை அவரைத் தொட்டுப் பார்க்க ஏறியபோதும் அசையவில்லை. அக்டோபர் சபையில் வேலாயுதமும் பால் வெட்டுகிறவர்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே தோட்டத்து ஜனங்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள்.

அடுத்த வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் சபை கூடியது. அண்ணன் தோற்கவில்லை, தானாகக் கொடுத்தார், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று வேலாயுதமே வாதாடினான். கொடுத்தாரா தோத்தாரா என்பதை டென்மார்க்குக்காரன் பார்த்துக்கட்டும், நம்ம மேடையிலே ராஜபார்ட் தரையிலே உக்காந்தாரா இல்லையா என்று கேட்டார் ஆர்மோனியக்காரர். கேட்டுவிட்டு அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாகையா, உக்காந்தேன் என்றார். அதோடு அவர் ராஜபார்ட் முடிந்தது.

குடியிருப்பில் அவர் பெயர் மெல்ல மாறியது. நாகையாண்ணே என்று முதன்முதல் ஒருவன் பின்னாலிருந்து கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நடந்துகொண்டே இருந்தார். இருமல் குறையவில்லை. இஞ்சின் அடுப்பு அப்படியேதான் இருந்தது.

தீபாவளிக்குப் பிறகு கிள்ளானில் வேலாயுதம் முதன்முதலாக ராஜபார்ட் கட்டினான். எதிரே தர்க்கம் செய்ய வேண்டிய சபாபதி காய்ச்சலாகப் படுத்துவிட்டார். அரிதாரம் போட்ட முகத்தோடு வேலாயுதம் கூட்டத்துக்குள் நாகையாவைத் தேடி வந்தான்.

“அண்ணே, நீங்க எதிரே நின்னு கேளுங்க. உங்களுக்கு உரிமை இருக்கு.”

“நின்னா ஜெயிச்சிருவேன்பா.”

“ஜெயிச்சா எடுத்துக்குங்கண்ணே. உங்களுதுதானே.”

“அப்புறம் மறுபடியும் நான் கட்டணும். வேண்டாம், போ.”

வேலாயுதம் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனான். மிருதங்கக்காரரின் தம்பியை எதிரே நிறுத்தி எப்படியோ நடத்தினார்கள். நடுவில் ஒரு கேள்விக்கு ராஜா தடுமாறினான், கூட்டம் முணுமுணுத்தது. நாகையாவுக்குப் பதில் தெரிந்தது. நல்லம்மாள் பக்கவாட்டில் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மடக்கி வைத்திருந்த காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டார். மேடையில் வேலாயுதம் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்துவிட்டான். அவ்வளவு நல்ல பதில் அல்ல.

“கால் மரத்துப்போச்சு. கடைசி ரயிலுக்குப் போயிடலாமா?” என்றார் நாகையா.